இருக்கிற ஃபைலையே 'காணோம்' என்கிறதா? கஸ்டம் விண்டோஸ் இமேஜ் இறக்கும்போது வரும் செட்டப் பிழைகள்

மாதிரிக் கணினி ஒன்றில் விண்டோஸைப் போட்டு, வேண்டிய மென்பொருள்களை ஏற்றி, அப்டேட் எல்லாம் முடித்து, சிஸ்பிரெப் (அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் கருவி) ஓட்டி, முழு விண்டோஸையும் அடக்கிய ஒரே விம் கோப்பாக, அதாவது இமேஜாகப் பிடித்து வைத்தாயிற்று. மற்ற கணினிகளில் இறக்கத் தொடங்கினால், முதல் கணினியே பாதி வழியில் நின்று செட்டப் ஃபைல் கிடைக்கவில்லை என்கிறது. சர்வரில் போய்ப் பார்க்கிறீர்கள். ஃபைல் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

பெரும்பாலும் எதுவும் தொலைந்திருக்காது. தேடியவர் வேறு இடத்தில் தேடியிருப்பார், இல்லாவிட்டால் சரியான இடம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஒரு இமேஜ் இறங்கி முடிவதற்குள் வேலை மூன்று பேரிடம் கைமாறுகிறது. முதலில் ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள். பூட்.விம் கோப்பை பென்டிரைவிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ எடுத்து ராமில் ஏற்றிவிட்டால் அதன் வேலை முடிந்தது. அடுத்து விண்டோஸ் பிஇ. எக்ஸ் என்ற டிரைவ் எழுத்தோடு, ராமிலேயே ஓடும் குட்டி விண்டோஸ் இது. ஃபர்ம்வேர் கண்ணில் பட்ட அதே பென்டிரைவை, அதே நெட்வொர்க்கை இது தன் சொந்த டிரைவரை வைத்துக்கொண்டு புதிதாகக் கண்டுபிடித்தாக வேண்டும். மூன்றாவது, டிஸ்கில் இறங்கி முதல்முறை எழும் நிஜ விண்டோஸ். முன்னவர் பார்த்தது எதுவும் பின்னவருக்குத் தானாகத் தெரியாது. ஆகவே பிழை வந்ததும், தேடியது இந்த மூவரில் யார், எந்தப் பாதையில் தேடினார் என்பதை முதலில் பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன்: லாக் எங்கே இருக்கிறது

பிழைப் பெட்டியில் வரும் வாசகம் பாதிக் கதைதான். எந்தப் பாதையில் தேடிக் கிடைக்கவில்லை என்ற மீதிக் கதை லாகில் இருக்கும். பெட்டி திரையில் நிற்கும்போதே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். கான்ஃபிக் மேனேஜர் (நிறுவனக் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு எஃப்8. அதற்கு பூட் இமேஜின் பண்புகளில் கட்டளை ஆதரவை முன்பே இயக்கியிருக்க வேண்டும்.

விண்டோஸ் செட்டப் எழுதும் லாக், எக்ஸ் டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் பேந்தர் என்ற ஃபோல்டரில் இருக்கும். அதில் செட்டப்எர்.லாக் சிறியது, செட்டப்ஆக்ட்.லாக் பெரியது. சிறியதில் பிழையின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, பெரியதில் அதே நேரத்துக்குச் சற்று மேலே படிப்பது என் வழக்கம். எம்டிடி, அதாவது இமேஜ்களைப் பல கணினிகளில் இறக்க உதவும் மைக்ரோசாஃப்ட் டெப்ளாய்மென்ட் டூல்கிட் என்றால் மினின்ட் என்ற ஃபோல்டருக்குள் எஸ்எம்எஸ்ஓஎஸ்டி, அதற்குள் ஓஎஸ்டிலாக்ஸ், அதில் பிடிடி.லாக். டிஸ்க் தயாராகும் வரை இது எக்ஸ் டிரைவில் இருக்கும், அப்புறம் சி டிரைவுக்கு நகரும். எக்ஸ் என்பது ராம் என்பதை மறந்து மறுதொடக்கம் செய்துவிட்டால் லாகும் போய்விடும். அதனால் எம்டிடியின் அமைப்புகள் இருக்கும் கஸ்டம்செட்டிங்ஸ்.ஐஎன்ஐ கோப்பில் எஸ்எல்ஷேர் என்ற வரியில் ஒரு நெட்வொர்க் ஷேரைக் கொடுத்து வைப்பது நல்லது. வேலை முடியும்போது லாக் அங்கே போய்ச் சேரும்.

விண்டோஸ் பிஇ-யில் எக்ஸ்ப்ளோரர் கிடையாது. ஆனால் நோட்பேட் உண்டு. அதன் ஓப்பன் பெட்டியில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் ஒரு ஏழை எக்ஸ்ப்ளோரர் கிடைத்துவிடும்.

அறிகுறி: 'அனேபிள் டு ஃபைண்ட் செட்டப், நீடட் டு இன்ஸ்டால் தி இமேஜ்'

எம்டிடி வழியாகக் கஸ்டம் இமேஜை இறக்குபவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். விம் கோப்பின் முழுப் பாதையும் பிழையிலேயே இருப்பதால், விம் கோப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இமேஜை மறுபடி பிடிக்கப் போய்விடுவார்கள். அரை நாள் வீண். செய்தியை நிதானமாகப் படித்தால், விம் கோப்பு அதற்குக் கிடைத்துவிட்டது. அதை இறக்கத் தேவையான செட்டப்.இஎக்ஸ்இ தான் கிடைக்கவில்லை.

இது எப்படி நேர்கிறது? முழு விண்டோஸ் ஐஎஸ்ஓவை எம்டிடியின் நிர்வாகச் சாளரமான டெப்ளாய்மென்ட் ஒர்க்பெஞ்சில் சேர்க்கும்போது, இன்ஸ்டால்.விம் மட்டுமல்லாமல் சோர்சஸ் ஃபோல்டர், செட்டப்.இஎக்ஸ்இ எல்லாமே சேர்ந்து வரும். நாம் பிடித்த கஸ்டம் விம் அப்படியல்ல. அது தனிக் கோப்பு. அதைச் சேர்க்கும் விஸார்ட், செட்டப் ஃபைல்களை என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் கேட்கும். முதல் தேர்வு 'செட்டப் ஃபைல்கள் தேவையில்லை'. அவசரத்தில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டுகிறவர்களுக்கு அதுவே அமைந்துவிடுகிறது. டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியைக் கொண்டு இமேஜை நேரடியாக டிஸ்கில் விரிக்கும் முறையில் இறக்கினால் இதனால் தொல்லை இல்லை, செட்டப் வேண்டவே வேண்டாம். செட்டப் வழியாக இறக்கும்படி ஏதாவது ஒரு அமைப்பு சொல்லிவிட்டால்தான் வினை.

அந்த அமைப்பு பெரும்பாலும் ஃபோர்ஸ்அப்ளைஃபால்பேக். கஸ்டம்செட்டிங்ஸ்.ஐஎன்ஐ கோப்பில் இதற்கு 'நெவர்' என்ற மதிப்பு இருந்தால், செட்டப் கிடைக்காதபோது நேரடி விரிப்புக்கு மாறிக்கொள்ளும் வழி அடைபட்டுவிடும். பழைய விண்டோஸ் 7 காலத்தில் யாரோ ஒரு காரணத்துக்காகச் சேர்த்த வரி, அவர் வேலை மாறிப் போன பிறகும் அந்தக் கோப்பில் உட்கார்ந்திருக்கும். இதே 'நெவர்' இன்னொன்றும் செய்யும்: பூட் இமேஜின் 32 பிட், 64 பிட் வகையோடு பொருந்தாத டாஸ்க் சீக்வென்ஸ்களை (இறக்கும் வேலையின் படிகளை வரிசையாகக் கோத்தவை) பட்டியலில் காட்டாது. ஆக 'டாஸ்க் சீக்வென்ஸே தெரியவில்லை' என்று யாராவது சொன்னாலும் இந்த வரியைப் பாருங்கள்.

சரிசெய்ய மூன்று வழி. முதலாவது, அந்த வரி இன்று தேவையா என்று யோசித்து, தேவையில்லை என்றால் எடுத்துவிடுவது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டாவது, கஸ்டம் இமேஜை ஒர்க்பெஞ்சிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்து, விஸார்ட் கேட்கும்போது செட்டப் ஃபைல்களின் பாதையைக் கொடுப்பது. இமேஜின் பில்டு எண், 32 அல்லது 64 பிட், மொழி மூன்றும் ஒத்துப்போகும் விண்டோஸ் மூலத்தையே கொடுக்க வேண்டும். மூன்றாவது, அதே பில்டு முழு விண்டோஸ் மூலத்தையும் அதே டெப்ளாய்மென்ட் ஷேரில் (எம்டிடி தன் கோப்புகளை வைத்திருக்கும் நெட்வொர்க் ஃபோல்டர்) சேர்த்து வைப்பது. கஸ்டம் இமேஜுக்குச் சொந்த செட்டப் இல்லாவிட்டால் எம்டிடி பொருந்தும் இன்னொரு பதிவிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும். எந்தப் பதிவில் செட்டப் உண்டு என்பதை ஷேரின் கன்ட்ரோல் ஃபோல்டரில் உள்ள ஆப்பரேட்டிங்சிஸ்டம்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பில் இன்க்ளூட்ஸ்செட்டப் என்ற குறி சொல்லும். அந்தக் குறியைக் கையால் 'ட்ரூ' என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஃபைல் இல்லாமல் குறி மட்டும் இருந்தால் பிழை வேறு வேஷத்தில் திரும்பும்.

கடன் வாங்கும் ஏற்பாட்டில் ஒரு பள்ளம் உண்டு. நெட்வொர்க்கில் சரியாக இறங்கும் இமேஜ், ஆஃப்லைன் மீடியாவாக பென்டிரைவில் எடுத்துப் போனால் இதே பிழையோடு நிற்கும். மீடியா செய்யும்போது தேர்ந்த செலக்ஷன் புரொஃபைலில் கஸ்டம் இமேஜ் இருக்கும் ஃபோல்டரை மட்டும் டிக் செய்திருப்பீர்கள். கடன் கொடுத்த முழு மூலம் பென்டிரைவுக்கு வந்திருக்காது. அதையும் டிக் செய்து மீடியாவைப் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

இங்கேயே இன்னொன்று: இருக்கும் விண்டோஸை மேம்படுத்தும் அப்கிரேட் டாஸ்க் சீக்வென்ஸுக்குக் கஸ்டம் இமேஜைக் கொடுக்காதீர்கள். அப்கிரேட் என்பது முழுக்க முழுக்க செட்டப்பின் வேலை. அதற்கு முழு மூலம்தான் வேண்டும்.

அறிகுறி: 'கணினிக்குத் தேவையான மீடியா டிரைவர் இல்லை'

திரையில் டிரைவர் என்று வந்ததும் எல்லோரும் சிப்செட் டிரைவரையும் சாட்டா டிரைவரையும் தேடிப் பதிவிறக்கத் தொடங்குவார்கள். நிறுத்துங்கள். செட்டப் இங்கே சொல்லவருவது, 'நான் எழுந்துவிட்டேன், என் மீதி ஃபைல்கள் இருக்கும் இடம் தெரியவில்லை' என்பதுதான். முன்னே சொன்ன கைமாறல் நடக்கும் இடம் இது. பூட்.விம் கோப்பை ஃபர்ம்வேர் ஏற்றிவிட்டது. அடுத்து எழுந்த விண்டோஸ் பிஇ-க்கு அந்த பென்டிரைவ் தெரியவில்லை.

ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி டிஸ்க்பார்ட், பிறகு லிஸ்ட் வால்யூம். பென்டிரைவ் பட்டியலிலேயே இல்லை என்றால் அது நிஜமாகவே டிரைவர் சிக்கல். விண்டோஸ் 7 மூலத்தில் யுஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது என்பதால், நீலப் போர்ட்டில் செருகினால் இப்படித்தான் ஆகும். யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பட்டியலில் இருக்கிறது என்றால், அதன் எழுத்தைக் குறித்துக்கொண்டு உள்ளே போய், சோர்சஸ் ஃபோல்டரும் அதில் இன்ஸ்டால்.விம்-உம் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிஇ-யில் டிரைவ் எழுத்துகள் நாம் பழகிய எழுத்துகளாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. சி என்று தெரிவது சின்ன சிஸ்டம் பார்ட்டிஷனாகவோ பென்டிரைவாகவோ இருக்கலாம்.

பூட்.விம் மட்டும் நெட்வொர்க்கில் வந்தவர்களுக்கும் இதே செய்தி வரும். அங்கே மீடியாவே கிடையாதே, எங்கே தேடும்? டபிள்யூபிஇஇனிட் கட்டளையால் நெட்வொர்க்கை எழுப்பி, நெட் யூஸ் கட்டளையால் ஷேரை ஒரு டிரைவ் எழுத்தில் மாட்டி, அங்கிருந்து செட்டப்.இஎக்ஸ்இ-யை ஓட்டினால் வேலை நடக்கும்.

அறிகுறி: 'இன்ஸ்டால்.விம் கோப்பைத் திறக்க முடியவில்லை', கூடவே 8007 என்று தொடங்கும் எண்

எண்ணின் கடைசி இலக்கங்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 80070002 என்றால் பாதை சரி, கோப்பு இல்லை. 80070003 என்றால் பாதையே இல்லை. 80070005 அனுமதி மறுப்பு. 80070035 என்றால் நெட்வொர்க் பாதை எட்டவில்லை. 8007000டி என்றால் கோப்பு இருக்கிறது, உள்ளே இருக்கும் தரவு செல்லாதது. 80004005 மட்டும் எதையும் சொல்லாத எண்; அதைக் கண்டால் லாகுக்குப் போங்கள்.

0002 வந்தால் முதல் சந்தேகம் பென்டிரைவின் ஃபேட்32 மேல். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. கஸ்டம் இமேஜ் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். எக்ஸ்ப்ளோரரில் நகலெடுத்தால் கோப்பு பெரிது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். ஸ்கிரிப்டில் நகலெடுத்தால் பிழை வரி மேலே ஓடிப்போய்விடும், யாரும் பார்ப்பதில்லை. யுஇஎஃப்ஐ (இப்போதைய வகை ஃபர்ம்வேர்) பூட்டுக்கு ஃபேட்32 வேண்டியிருப்பதால் இமேஜைத் துண்டாக்குவதே வழி. டிஸ்ம் கட்டளையின் ஸ்பிளிட்-இமேஜ் விருப்பத்தில் ஃபைல்சைஸ் 3800 என்று கொடுத்தால் இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம், இன்ஸ்டால்2.எஸ்டபிள்யூஎம் என்று துண்டுகள் கிடைக்கும். அவற்றை சோர்சஸ் ஃபோல்டரில் போட்டால் செட்டப் தானாக எடுத்துக்கொள்ளும். துண்டுகளை நீங்களே டிஸ்ம் கொண்டு விரிப்பதானால் எஸ்டபிள்யூஎம்ஃபைல் விருப்பத்தில் நட்சத்திரக் குறியோடு எல்லாத் துண்டுகளையும் சுட்ட வேண்டும். முதல் துண்டை மட்டும் கொடுத்தால் மீதியைக் காணோம் என்று நிற்கும்.

அடுத்தது பெயர். சோர்சஸ் ஃபோல்டரில் செட்டப் தேடும் பெயர் இன்ஸ்டால் என்பதுதான். நீங்கள் 'லேப்.விம்' என்று ஆசையாகப் பெயர் வைத்திருந்தால் அது கண்டுகொள்ளாது. பதில் கோப்பில் (செட்டப் கேட்பவற்றுக்கு முன்பே விடை எழுதி வைக்கும் கோப்பு) இன்ஸ்டால்ஃப்ரம் என்பதன் கீழ் முழுப் பாதையைச் சொல்ல வேண்டும். ஒருமுறை பெயர், பாதை, அளவு எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மதியம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். நீட்டிப்பை மறைக்கும் அமைப்பு இயங்கிய கணினியில் நானே பெயர் மாற்றியிருந்தேன். கோப்பின் உண்மைப் பெயர் இன்ஸ்டால்.விம்.விம். கட்டளைச் சாளரத்தில் டிர் அடித்தபோதுதான் தெரிந்தது.

பதில் கோப்பின் இன்டெக்ஸ் எண்ணையும் பாருங்கள். கடையில் கிடைக்கும் மூலத்தில் ஹோம், புரோ என்று பல பதிப்புகள் வரிசையாக இருக்கும், அதற்காக எழுதிய பதில் கோப்பில் 6 போன்ற எண் இருக்கலாம். நீங்கள் புதிதாகப் பிடித்த விம் கோப்பில் இருப்பதோ ஒரே ஒரு இமேஜ், எண் 1. டிஸ்ம் கெட்-இமேஜ்இன்ஃபோ ஓட்டி எண்ணையும் பெயரையும் பார்த்து அப்படியே பதில் கோப்பில் எழுதுங்கள்.

000டி வந்தால் நகல் கெட்டுப்போயிருக்கிறது. சர்ட்யூட்டில் கட்டளையின் ஹேஷ்ஃபைல் விருப்பத்தில் எஸ்எச்ஏ256 கொடுத்து மூலக் கோப்பையும் நகலையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்து வந்தால் பிடித்த இமேஜே கெட்டது. அடுத்த முறை பிடிக்கும்போது செக்இன்டெக்ரிட்டி, வெரிஃபை இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

0035 என்றால் ஐபிகான்ஃபிக் அடியுங்கள். முகவரியே இல்லை என்றால் பிஇ-யில் அந்த நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் இல்லை. சர்வரின் ஐபி எண்ணுக்குப் போக முடிகிறது, பெயருக்குப் போக முடியவில்லை என்றால் டிஎன்எஸ். டிரைவரை எம்டிடியில் சேர்த்து, டெப்ளாய்மென்ட் ஷேரை அப்டேட் செய்து, பூட் இமேஜைப் புதிதாக்கிய பிறகும் பலன் இல்லையா? டபிள்யூடிஎஸ், அதாவது நெட்வொர்க் வழியாகக் கணினிகளை எழுப்பும் விண்டோஸ் சர்வர் சேவை, பூட் இமேஜின் சொந்த நகலை வைத்திருக்கும். அங்கே போய் ரீப்ளேஸ் இமேஜ் செய்யும் வரை கணினிகள் பழைய பூட் இமேஜிலேயே எழுந்துகொண்டிருக்கும். பூட்ஸ்ட்ராப்.ஐஎன்ஐ கோப்பை மாற்றினாலும் இதே கதை, ஏனென்றால் அது பூட் இமேஜுக்கு உள்ளே இருப்பது. கஸ்டம்செட்டிங்ஸ்.ஐஎன்ஐ ஷேரிலிருந்து நேரடியாகப் படிக்கப்படுவதால் அதற்கு இந்தச் சுற்று வேண்டாம்.

அறிகுறி: 'மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர் லைசென்ஸ் டெர்ம்ஸ் கிடைக்கவில்லை'

உரிம ஒப்பந்தக் கோப்பைத் தேடி யாரும் நேரத்தைத் தொலைக்க வேண்டாம். எந்தப் பதிப்பை நிறுவுவது என்று செட்டப்புக்குக் குழப்பம் வந்தால், அந்தப் பதிப்புக்கான உரிமத்தை எடுக்க முடியாமல் இப்படிச் சொல்லும். கஸ்டம் இமேஜில் இதற்கென்றே ஒரு காரணம் உண்டு: விம் கோப்பின் விவரக்குறிப்பில் பதிப்பின் பெயர் இல்லாமல் போவது. பழைய இமேஜ்எக்ஸ் கருவியில், செட்டப் வழியாக மறுபடி இறக்கப்போகும் இமேஜைப் பிடிக்கும்போது ஃபிளாக்ஸ் என்ற விருப்பத்தில் பதிப்பைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். கெட்-இமேஜ்இன்ஃபோவை இன்டெக்ஸ் 1 என்று சேர்த்து ஓட்டினால் எடிஷன் என்ற வரி வரும். அங்கே 'அன்டிஃபைன்ட்' என்று இருந்தால் சந்தேகம் உறுதி. விம்லிப் கருவியைக் கொண்டு, இமேஜை மறுபடி பிடிக்காமலே அந்தக் குறிப்பை எழுதிவிடலாம்.

பதிப்பு சரியாக இருந்தும் வருகிறதா? புராடக்ட் கீ எனும் உரிமச் சாவியைப் பாருங்கள். பதில் கோப்பிலோ சோர்சஸ் ஃபோல்டரின் பிஐடி.டிஎக்ஸ்டி கோப்பிலோ வேறு பதிப்பின் சாவி இருக்கலாம். ஃபர்ம்வேரிலேயே ஹோம் பதிப்பின் சாவி பதிந்த மடிக்கணினியில் புரோ மட்டும் உள்ள இமேஜை இறக்கினாலும் இந்த இடறல் வரும், இஐ.சிஎஃப்ஜி கோப்பில் பதிப்பைச் சொல்லிவிட்டால் தீரும். விர்ச்சுவல் மெஷினில் மட்டும் வருகிறது என்றால் ராமைக் கூட்டிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பலிக்கும்.

அறிகுறி: இமேஜ் இறங்கிவிட்டது, ஆனால் செட்டப் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை

இது மூன்றாமவரின் கட்டம். சோர்சஸ் ஃபோல்டரில் $ஓஇஎம்$ ஃபோல்டர் வைத்து, அதன் வழியாக, நிறுவல் முடிந்ததும் ஓடவேண்டிய செட்டப்கம்ப்ளீட்.சிஎம்டி-யை அனுப்பியிருப்பீர்கள். அதை டிஸ்குக்கு நகலெடுப்பது செட்டப்.இஎக்ஸ்இ. டிஸ்ம் கொண்டு இமேஜை நேரடியாக விரித்தால் செட்டப் அங்கே ஓடுவதே இல்லை, யார் நகலெடுப்பது? ஸ்கிரிப்டை இமேஜுக்குள்ளேயே விண்டோஸ், செட்டப், ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டரில் வைத்துப் பிடியுங்கள், அல்லது விரித்த பிறகு அங்கே நகலெடுங்கள். அப்படியும் ஓடாவிட்டால் கணினியின் சாவி ஓஇஎம் வகையா, அதாவது கணினித் தயாரிப்பாளர் தந்ததா என்று பாருங்கள். என்டர்பிரைஸ் அல்லாத பதிப்புகளில் ஓஇஎம் சாவி இருந்தால் விண்டோஸ் இந்த ஸ்கிரிப்டை வேண்டுமென்றே ஓட்டாது. ஃபர்ஸ்ட்லாகான்கமாண்ட்ஸ் வழியாக அதே வேலையைச் செய்துகொள்ளலாம்.

பதில் கோப்பு புறக்கணிக்கப்படுகிறது என்றால், பெரும்பாலும் அது தொலையவில்லை, பழையது முந்திக்கொண்டது. விண்டோஸ் பதில் கோப்பைத் தேடும் வரிசையில் பேந்தருக்குள் இருக்கும் அன்அட்டெண்ட் ஃபோல்டரும், அடுத்து பேந்தரும், நீங்கள் செருகிய பென்டிரைவுக்கு முன்னால் வருகின்றன. மாதிரிக் கணினியில் பயன்படுத்திய பதில் கோப்பின் நகல் பேந்தரில் தங்கி, இமேஜோடு சேர்ந்து பிடிபட்டு, ஒவ்வொரு புதுக் கணினியிலும் எழுந்து வரும். பிடிக்கும் முன் பேந்தரைப் பாருங்கள்.

மீட்புச் சூழல் இல்லாத இமேஜும் இந்த வகைதான். விண்டோஸ் ஆர்இ என்ற அந்த மீட்புச் சூழல் இயங்கும் கணினியில் வின்ஆர்இ.விம் தனிப் பார்ட்டிஷனுக்கு நகர்ந்திருக்கும். நீங்கள் சி டிரைவை மட்டும் பிடித்தால் அது வராது. சிஸ்பிரெப்புக்கு முன் ரீஏஜென்ட்சி டிசேபிள் கொடுத்தால் கோப்பு சி டிரைவின் சிஸ்டம்32, ரெகவரி ஃபோல்டருக்குத் திரும்பிவிடும். மறைகோப்பு என்பதால் சாதாரண டிர் காட்டாது, டிர் உடன் ஏ விருப்பம் சேர்க்க வேண்டும்.

சில்லறை அறிகுறிகள்

செட்டப்.இஎக்ஸ்இ ஓட்டினால் சப்சிஸ்டம் இல்லை என்கிறதா? 64 பிட் பிஇ-யில் 32 பிட் செட்டப்பை ஓட்டப் பார்க்கிறீர்கள். பூட் இமேஜை மாற்றுங்கள்.

ஒர்க்பெஞ்சில் விண்டோஸ் பிஇ தாவலைத் தொட்டதும் எக்ஸ்86 பாதை கிடைக்கவில்லை என்று விழுகிறதா? விண்டோஸ் 11-க்கான ஏடிகேயில் (விண்டோஸ் இறக்குவதற்கான மைக்ரோசாஃப்ட் கருவித்தொகுப்பு) 32 பிட் பிஇ எடுக்கப்பட்டுவிட்டது, 2019-இல் வந்த எம்டிடி 8456-க்கு அது தெரியாது. ஏடிகேயின் பிஇ ஃபோல்டருக்குள் எக்ஸ்86, அதற்குள் வின்பிஇ_ஓசிஸ் என்று வெற்று ஃபோல்டர்களை உருவாக்கினால் தாவல் திறக்கும். பிறகு எக்ஸ்86-க்கான டிக்கை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 11 மூலத்தின் பூட்.விம் கோப்பையே டபிள்யூடிஎஸ்-இல் வைத்து நிறுவும் பழைய வழி இப்போது தடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சொந்த பூட் இமேஜ் என்றால் தடை இல்லை.

எதுவும் பிடிபடாவிட்டால்

கருவிகளை எல்லாம் ஓரம்கட்டிவிட்டு, ஒரு சோதனைக் கணினியில் கையாலேயே இறக்கிப் பாருங்கள். பிஇ-யில் எழுந்து, டிஸ்க்பார்ட்டில் பார்ட்டிஷன் பிரித்து, சிஸ்டம் பார்ட்டிஷனுக்கு எஸ், விண்டோஸுக்கு டபிள்யூ என்று எழுத்துக் கொடுங்கள். டிஸ்ம் அப்ளை-இமேஜில் இன்டெக்ஸ் 1, அப்ளைடிர் டபிள்யூ. முடிந்ததும் டபிள்யூ டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டி, பூட் ஃபைல்களை எழுதும் பிசிடிபூட் கட்டளை, எஸ் டிரைவுக்கு, யுஇஎஃப்ஐ வகை. மறுதொடக்கம். செட்டப்.இஎக்ஸ்இ இல்லாமலே விண்டோஸ் எழுந்து வந்தால் உங்கள் இமேஜில் குறை இல்லை, அதை மறுபடி பிடிக்கப் போகாதீர்கள். பாதை, அனுமதி, டாஸ்க் சீக்வென்ஸ் இவற்றை மட்டும் தோண்டுங்கள். அப்ளை-இமேஜே பாதியில் விழுந்தால், விழும்போது எந்தக் கோப்பில் நின்றது என்பது எக்ஸ் டிரைவில் விண்டோஸ், லாக்ஸ், டிஸ்ம் ஃபோல்டரில் உள்ள டிஸ்ம்.லாக் கோப்பின் கடைசி வரிகளில் இருக்கும்.